ஐந்து நாட்டுச் சட்டமும் ஒரு தனி அடுப்பும்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த துணிச் சுருளை எடுத்து மேசைமேல் விரித்தார். ஐந்து நாட்டுக் கொடிகள், ஒவ்வொரு கொடிக்குக் கீழும் எண்கள். இந்தியா பதினெட்டு, இருபத்தொன்று. பாகிஸ்தான் பதினாறு, பதினெட்டு. அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்: "மேட்ச் ஸ்கோரா எண்டு கேக்கிறார்." கலியாண வயது என்றேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததும் முகம் மாறியது. தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று விரலைக் காட்டிவிட்டு, நான் மடித்ததைவிட ஒழுங்காக மடித்துக் கொடுத்தார்.

நான் காயல்பட்டினத்துக்காரி. தூத்துக்குடியில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல். போர் முடிந்த மறுவருடம், கல்முனைப் பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்று, அக்கம்பக்கத்து நாடுகளில் பெண் பிள்ளைகளின் திருமண வயதுக்கு என்ன சட்டம் என்று பேச ஆள் தேடியது. தமிழில் பேச வேண்டும், முஸ்லிம் பெண்ணாக இருந்தால் நல்லது. யாரோ என் பெயரைச் சொல்ல, நானும் யோசிக்காமல் சரி என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சண்டை முடிஞ்ச ஊருக்குப் போய் நீ ஒண்ணைத் தொடங்கிட்டு வந்துராதே" என்று என் கணவர் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை பகல் முழுதும் பஸ். மலை ஏறி, மலை இறங்கி, காடு தாண்டி, அம்பாறைப் பக்கம் வந்ததும் எங்கே பார்த்தாலும் அறுவடை. தார் ரோட்டில் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பஸ்ஸும் எதிரே வந்த லாரியும் மீதிப் பாதிக்காக முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் இறங்கிச் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே நெல்லுக்குச் சொந்தக்காரர் மெதுவாக வந்து, ஒரு முழம் நெல்லைக் காலால் தள்ளிவிட்டு, இரண்டு டிரைவர்களுக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு இருந்த சிப்பாய்ப் பையன் செல்போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் தங்கிய ஊர் கல்முனைக்குத் தெற்கே. பெயர் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். என்னை வீட்டில் வைத்துக்கொண்டது ஜெமீலா என்ற பள்ளிக்கூட ஆசிரியை. போய்க் கை கழுவுவதற்குள் இடியப்பமும் மீன் ஆணமும் வந்துவிட்டன. குழம்பை ஆணம் என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில்தான் உண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடல் தாண்டி வந்து அந்தச் சொல்லைக் கேட்டதும் கூடவே நாலு இடியப்பம் இறங்கியது.

"நல்ல வீடு" என்றேன்.

"உம்மா தந்த ஊடு, ராத்தா. இஞ்ச பொம்புளப் புள்ளக்குத்தான் ஊடு. மாப்புள உடுப்போட வருவார்" என்றாள் ஜெமீலா. ராத்தா என்றால் அக்கா. அவளுடைய கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

இதுவும் காயல்பட்டினத்து வழக்கம்தான். என் வீடு என் உம்மா எழுதித் தந்தது. என் கணவர் இருபத்தெட்டு வருடமாக அங்கே விருந்தாளி மாதிரி நடமாடுகிறார் என்று சொன்னேன். ஜெமீலா சிரித்துக்கொண்டே மேலும் ஒரு இடியப்பத்தை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பாலர் பள்ளி மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகள் எல்லாம் நாலு வயதுப் பிள்ளைகளுக்கானவை. முப்பது பெண்கள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணியைச் சுவரில் குத்த எனக்கு உதவியது ஷிபானா என்ற பெண். பதினைந்து வயது, வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா. குத்திக்கொண்டே ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

"மிஸ், இலங்கைக்கு ஏன் ரெண்டு கட்டம்? ஒண்டில ஒண்டும் எழுதல்லயே."

அதற்குப் பதில் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது பதினெட்டு. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம்; அதில் குறைந்தபட்ச வயதே கிடையாது. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பதிவுப் புத்தகத்தில் பெண்ணின் சார்பில் அவளுடைய வலி, அதாவது பொறுப்பான ஆண், கையெழுத்துப் போடுகிறார். ஆகவே ஒரு கட்டத்தில் பதினெட்டு, மற்றது வெற்று.

"நேபாளத்தில?"

"பெற்றோர் சம்மதித்தால் பதினெட்டு. இல்லாவிட்டால் இருபது."

அவள் கடைசி ஊசியைக் குத்திவிட்டு நேபாளக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்க பொறந்திருந்தா எனக்கு இன்னும் மூணு வருஷம் இரிக்கி" என்றாள். சொல்லிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கூட்டம் சூடாகத்தான் போனது. இது அல்லாஹ்வின் சட்டம், இதில் கை வைக்கக் கூடாது என்றார் ஒரு வயதான பெண். பக்கத்தில் இருந்தவர், அந்தப் புத்தகம் பாராளுமன்றத்தில் ஆட்கள் உட்கார்ந்து எழுதியதுதானே, எழுதினவர்கள் திருத்தினால் என்ன என்றார். இருவரும் ஒரே பிளேன்டீத் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டே வாதாடினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தப் பேச்சைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். இங்கே கதவும் திறந்திருந்தது, சன்னலும் திறந்திருந்தது, வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வேறு காது கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

துணியைச் சுருட்டும்போது ஜெமீலா காதோரம் சொன்னாள்: "அந்தப் புள்ளக்கு வெள்ளிக்கிழமை காவின்."

காவின் என்றால் நிக்காஹ்வைப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது. மூன்று வருடம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் பார்த்த நேரத்தில் அவள் கையில் மூன்று நாள்தான் இருந்திருக்கிறது. நான் ஊசி நேராகக் குத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஷிபானாவின் உம்மா பரீதாவைப் பார்க்கப் போனோம். கடலை விட்டு உள்ளே தள்ளி, தகரத்தால் அடித்த ஒரு தற்காலிகக் கொட்டில். ஆறு மாதத்துக்கு என்று கொடுத்தது, ஆறாவது வருடம் நடக்கிறது. உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. பரீதா சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனாலும் வந்த விருந்தாளிக்கு எருமைத் தயிரும், பாணி என்று அவர்கள் சொல்லும் வெல்லப் பாகும் வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினார். அந்தத் தயிரைக் கத்தி வைத்து வெட்டலாம். வந்த காரியத்தை மறந்து இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நாங்க புள்ளயப் புடிச்சித் தள்ளல்ல, ராத்தா. காவின் மட்டுந்தான். மாப்புள என்ட காக்காட மகன். கட்டாரில வேல, லீவில வந்திரிக்கார். ரெண்டு பேரையும் ஒரு ஊட்டில கூட்டி வைக்கிறது ரெண்டு வருஷம் கழிச்சி."

"அப்போ இந்த வெள்ளிக்கிழமை என்ன அவசரம்?"

"ஊட்டுக்கு."

எனக்கு விளங்கவில்லை. ஜெமீலாதான் எடுத்துச் சொன்னாள். சுனாமியாகக் கடல் வந்த அன்று பரீதாவின் கணவர் போய்விட்டார், வீடும் போய்விட்டது. மிஞ்சியவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கிடாரத்தில், பெரிய அண்டாவில், சோறு. பெயர் எழுத வந்தவரிடம் மூத்த மகளின் கணவர், தான், மனைவி, குழந்தை, மாமியார், மைத்துனி என்று எல்லோரையும் சேர்த்து ஒரே குடும்பமாகக் கொடுத்துவிட்டார். அந்தச் சோகத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இப்போது வயல் பக்கம் கட்டிய புது வீடுகளைக் கொடுக்கப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அது மூத்தவளுக்குப் போகிறது. விடுபட்ட குடும்பங்களுக்கு இன்னொரு பட்டியல் இந்த மாதக் கடைசி வரை திறந்திருக்கிறது. ஷிபானாவுக்குக் காவின் எழுதிவிட்டால் அவள் ஒரு தனிக் குடும்பம். அவள் பெயரில் ஒரு வீடு கேட்கலாம்.

"ஊடு இல்லாத குமருக்கு இஞ்ச ஆரு வருவான்?" என்றார் பரீதா. "இந்தத் தகரத்துக்குள்ள எவன் மாப்புளயா வந்து இரிப்பான்? நான் மௌத்தாப் போனா இவள் எங்க இரிக்கிற?"

நான் என் சட்டத்தை எடுத்துவிட்டேன். எங்கள் நாட்டில் இப்படி முடித்துவைத்தால் நடத்திவைத்தவருக்குத் தண்டனை உண்டு, அந்தப் பெண் பிற்பாடு வழக்குப் போட்டுத் திருமணத்தை ரத்துச் செய்யலாம் என்றேன். முஸ்லிம் பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எங்கள் நீதிமன்றங்களே ஒரே குரலில் சொல்லவில்லை என்பதை விழுங்கிவிட்டேன்.

"அப்ப நீங்களும் எல்லாம் முடிஞ்சதுக்குப் பொறகுதான் வாறீங்க" என்றார் பரீதா. "சரி, நீங்க எத்தின வயசில முடிச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "பதினேழு" என்றேன்.

"பொறகுதானே லோயருக்குப் படிச்சீங்க? இவளும் படிக்கட்டும்."

நன்றாக மாட்டிக்கொண்டேன். படித்தேன்தான். மூன்று பிள்ளை பெற்று, கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு, ஒவ்வொரு பரீட்சைக்கும் வீட்டில் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சிப் படித்தேன். என்னோடு படித்து, என்னைப் போலவே முடித்துவைக்கப்பட்ட தோழிகளில் வேறு ஒருத்தியும் திரும்பப் புத்தகத்தைத் தொடவில்லை. என் உம்மா மௌத்தாகி வெகுகாலம் ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதையெல்லாம் பரீதாவிடம் அப்படியே சொன்னேன். அவர் தயிர்ச் சட்டியை மூடினார்.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன், கடல் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று.

"மூத்தவக்கு ஊட்டக் குடுத்திட்டு, அந்த வளவுக்குள்ளயே பின்னால ஒரு சின்ன ஊடு, குசினியோட. இவர், நான், இவள்."

"அடுப்பு?"

"வேறதான். மருமகன் இரிக்கிற ஊட்டில மாமி போய் ஒரே சட்டியில திங்கிறதா? என்ன கதை இது?"

எங்கள் ஊரிலும் திங்க மாட்டோம். மருமகன் வந்தபிறகு என் உம்மா முன்கூடத்துக்கே வரமாட்டார். பின்கட்டில் தனியாகச் சமைத்துக்கொள்வார். இது ஒரு மரியாதை. ஆனால் வக்கீலின் கண்ணுக்கு அது வேறு மாதிரியும் தெரியும். தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். கடல் வருவதற்கு முன்பே பரீதாவின் குடும்பம் தனிக் குடும்பம். முகாமில் ஒரே கிடாரத்தில் சாப்பிட்டதால் அது ஒன்றாகிவிடாது. விடுபட்ட குடும்பம் என்று கேட்க இவருக்கே உரிமை இருக்கிறது. அதற்குப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காவின் எழுத வேண்டியதே இல்லை என்றேன்.

"வோட்டுக் காட் வேறயா வந்ததா?" என்றாள் ஜெமீலா சட்டென்று.

"ஓம். ஊட்டு நம்பர் பதினேழு அவங்கட. எங்கட பதினேழின்ட ஏ."

தகரத்துக்கு அந்தப் பக்கம் ஷிபானா புத்தகம் படிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

வியாழக்கிழமை ஜெமீலாவுக்குப் பள்ளிக்கூடம். நானும் பரீதாவும் ஓட்டோவில், வீட்டுப் பட்டியல் எழுதும் அலுவலகத்துக்குக் கிளம்பினோம். பரீதா வழி முழுக்க, போய்க் கேட்பதுதான், கிடைக்காவிட்டால் நாளைக்குக் காவின் என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றி ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்துவிட்டதாக ஓட்டோக்காரர் வெட்கமே இல்லாமல் சொன்னார். இரண்டு பக்கமும் அறுத்த வயல், உச்சி வெயில், பஸ் ஒன்றையும் காணோம். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றி, "என்ன மாமி, ரோட்டில நிக்கிறீங்க?" என்றான். கைப்பிடியில் ஒரு பை நிறையக் கருப்பட்டி. பரீதாவின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அவன்தான் றிஸ்வான், பரீதாவின் அண்ணன் மகன், மாப்பிள்ளை. நாளைக்குத் தன் காவினுக்கு வட்டிலப்பம் செய்யக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு போகிறான்.

பரீதா பொய் சொல்லத் தெரியாதவர். எங்கே போகிறோம், எதற்கு என்று எல்லாவற்றையும் நடுரோட்டில் சொல்லிவிட்டார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கருப்பட்டிப் பையை ஓட்டோவுக்குள் வைத்துவிட்டு, "ஏறுங்க மாமி" என்றான். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் எனக்காகத் திரும்பி வந்தான். அந்நிய ஆணின் வண்டியில் பின்னால் உட்கார்வது இந்த வயதில்தான் எனக்கு வாய்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டே போனேன்.

காற்றில் அவன் பேசியது பாதிதான் கேட்டது. கேட்ட பாதி இது: "கடல் வந்த நேரம் இவள நான்தான் தோளில தூக்கிக்கிட்டு ஓடின. அப்ப இவளுக்குப் பத்து வயசு. இப்பயும் எனக்கு அதே புள்ளதான், ராத்தா. வாப்பாக்கிட்ட எப்பிடி மாட்டன் எண்ட? மாமிக்கு ஊடு இல்லயே எண்டு நானும் ஓம் எண்டுட்டன்."

"இப்போ?"

"இப்ப நீங்க அந்தப் போமை ஒழுங்கா நிரப்பிக் குடுங்க. வாப்பாக்கிட்ட நான் கதைக்கிறன்."

அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் ஆலையடிவேம்பிலிருந்து வரும் தமிழ் உத்தியோகத்தர், நாற்பது வயதுப் பெண். சோற்றுப் பார்சலைப் பாதி பிரித்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார். எங்கள் ஊர் அலுவலகமாக இருந்தால் இரண்டு மணிக்கு வா என்ற பதில்தான் வந்திருக்கும். நான் அடுப்புக் கதையைச் சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்கட பக்கமும் அப்பிடித்தானே, மகளுக்குத்தான் வீடு" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து கடல் வருவதற்கு முந்திய வாக்காளர் பட்டியலை, அவர்கள் சொல்லும் இடாப்பை, இறக்கினார். தூசு தட்டி, தெருவைத் தேடி, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். பதினேழு. அதற்கு அடுத்த வரியில் பதினேழு ஏ.

பதினேழு ஏயில் முதல் பெயர் பரீதாவின் கணவருடையது. அதற்குக் கீழே பரீதா.

பரீதா குனிந்து பார்த்தார். கணவரின் பெயர்மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை. "படம் ஒண்டும் மிஞ்சல்ல, ராத்தா. ஐடென்டி காட்டும் போயிட்டு. இவர்ட பேர எழுத்தில கண்டு அஞ்சு வருஷத்துக்கு மேல" என்றார். உத்தியோகத்தர் அவசரப்படுத்தவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். வாசலில் நின்ற றிஸ்வான் ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

"கிடைக்கும் எண்டு நான் சொல்ல ஏலாது, அக்கா" என்றார் உத்தியோகத்தர், புதுப் படிவத்தை எடுத்து வைத்து. "மேலிடம்தான் முடிவெடுக்கும். ஆனா இந்த ஆதாரம் நல்ல ஆதாரம். குடும்பத் தலைவர் ஆர்?"

"மௌத்து. இப்ப நான்தான்."

"எத்தின பேர்?"

"ரெண்டு. நானும் மகளும்."

பேனா நின்றது. "மகளுக்கு நாளைக்குக் கலியாண எழுத்து எண்டு உங்கட ஊர் ஆக்கள் காலையில கதைச்சவை. அப்பிடியெண்டா அவவ இதில சேர்க்க ஏலாது. அவ வேற குடும்பம். சொல்லுங்க, எப்பிடி எழுத?"

பரீதா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சட்டம் தெரிந்தவள், வாதாடிப் பிழைப்பவள், அந்த நேரத்தில் பேசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காவின் எழுதினால் அந்தப் பட்டியலில் இடம் நிச்சயம் என்று ஊரே அவரிடம் சொல்லியிருக்கிறது. இந்தப் படிவத்துக்கு யாரும் எந்த உறுதியும் தரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுவேன். தகரக் கொட்டிலில் இருக்கப் போவது அவர். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். றிஸ்வான் நிமிர்ந்து, "எழுதச் சொல்லுங்க மாமி" என்றான்.

பரீதா முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு உத்தியோகத்தர் பக்கம் திரும்பினார்.

"மகள் முடிக்கல்ல. படிக்கிறா" என்றார்.

உத்தியோகத்தர் எழுதினார். பரீதா மேசைமேல் குனிந்து, பேனா போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பதினோராம் ஆண்டு. அதையும் எழுதுங்க."

அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.